நெல்லும் போகிறது, பையனும் போகிறான்

தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் ஒருநாள் ராத்திரி அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும், இந்த ஊரின் பொருளாதாரம் பாதி புரிந்துவிடும். பாடப்புத்தகம் எதுவும் தேவையில்லை.

ஒரு நடைமேடையில் சென்னைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது உழவன் எக்ஸ்பிரஸ். பெயர்தான் உழவன். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் உழவர்களின் பிள்ளைகள். தோளில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலம், காதில் இயர்போன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்க இடம் இருக்காது.

அதே ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட் பக்கம் அறுவடைக் காலத்தில் போய்ப் பாருங்கள். வரிசையாக லாரிகள். லாரியிலிருந்து வேகனுக்கு நெல் மூட்டைகள் மாறிக்கொண்டிருக்கும். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி வரும்: "தஞ்சையிலிருந்து 2,000 டன் நெல் அரவைக்காக வெளி மாவட்டத்துக்கு ரயிலில் அனுப்பி வைப்பு." மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும், செய்தி மாறாது.

தஞ்சாவூருக்குப் புதிய தொழில்களைக் கொண்டுவர வேண்டும் என்று பேசாத அரசியல்வாதி இல்லை, எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் பேச்சு பெரும்பாலும் முதல் ரயிலைப் பற்றியே இருக்கிறது. பையன்கள் ஊரைவிட்டுப் போகிறார்களே, அவர்களுக்கு ஒரு ஐ.டி. கம்பெனி வரக்கூடாதா என்பது நியாயமான ஏக்கம்தான். இரண்டாவது ரயிலை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். திருவையாறு பக்கம் ஒரு கிராமம், அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. வல்லம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.இ. முடித்துவிட்டு இப்போது சோழிங்கநல்லூரில் வேலை. பெயர் வேண்டாம், உங்கள் வகுப்பிலேயே இப்படி நாலு பேர் இருப்பார்கள். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவான். சனிக்கிழமை காலை இறங்கினால் ஞாயிறு இரவு மறுபடி ரயில். ஊரில் இருக்கும் அந்த இரண்டு நாளில் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏம்ப்பா, இங்கேயே எதுவும் கிடைக்காதா?" அவன் பதில் சொல்வதில்லை. போனைப் பார்ப்பான்.

அவன் நிலைமைக்குப் புள்ளிவிவரமும் உண்டு. தஞ்சாவூர் நகரத்தின் மக்கள் தொகை 2001 கணக்கெடுப்பில் சுமார் 2.15 லட்சம். 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.22 லட்சம். பத்து வருஷத்தில் ஏழாயிரம் சொச்சம் பேர்தான் கூடியிருக்கிறார்கள்! பிறந்த குழந்தைகளே அதைவிட அதிகம் இருக்கும். அதே பத்து வருஷத்தில் திருப்பூர் 3.4 லட்சத்திலிருந்து 4.4 லட்சம் ஆனது. (நகர எல்லைக்கு வெளியே நீலகிரி, நாஞ்சிக்கோட்டை ஊராட்சிகளில் வீடுகள் பெருகியதைச் சேர்க்கவில்லை என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். சேர்த்தாலும் திருப்பூர் ஆகிவிடாது.)

இத்தனைக்கும் தஞ்சாவூர் நேற்று முளைத்த ஊர் இல்லை. 1866-லேயே நகராட்சி. 2014-ல் மாநகராட்சி. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம். பழைய பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது, மார்க்கெட்டுகள் புதிதாயின, சிவகங்கைப் பூங்காவுக்கும் பெயின்ட் கிடைத்தது. கடைகள் வந்தன. துணிக்கடை, நகைக்கடை, பிரியாணிக்கடை, மொபைல் கடை எல்லாம் உண்டு. ஆனால் கடை என்பது ஊரில் ஏற்கனவே இருக்கும் பணத்தைச் செலவழிக்கும் இடம். ஊருக்குள் புதுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. காந்திஜி ரோட்டில் தீபாவளிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பெரும் பங்கு சோழிங்கநல்லூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ஆட்களை வரவழைத்து ஊரை வளர்ப்பது எப்படி என்பதைத் தஞ்சாவூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருத்தர் செய்து காட்டியிருக்கிறார். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி முடித்த கையோடு, சோழ நாடெங்கும் உள்ள கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும்படியான ஒரு பங்கு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கூடவே கணக்கர், தையல்காரர், தச்சர் என்று ஒரு பெரிய பட்டியல். இன்றைய முதலீட்டாளர் மாநாட்டுக்காரர்கள் வந்து படிக்க வேண்டிய கல்வெட்டு அது. (அந்த 400 பேரில் எத்தனை பேருக்குத் தஞ்சாவூர் வர விருப்பம் இருந்தது என்று யாரும் கேட்டு வெட்டி வைக்கவில்லை, அது வேறு விஷயம்.) அதில் கவனிக்க வேண்டியது சம்பளம் எதில் என்பதை. நெல். ஊரில் எது விளைந்ததோ அதை வைத்துத்தான் ஊரைக் கட்டினான்.

வெளியிலிருந்து வந்த தொழில் வெளியிலேயே போய்விடும் என்பதற்கும் டெல்டாவிலேயே உதாரணம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில் அது திருச்சி பொன்மலைக்குப் போனது. நாகைக்கு அது பெரிய அடி. பொன்மலை இன்றும் ஓடுகிறது. பிறகு 1960-களில் பெல் நிறுவனம் வந்தபோது அதுவும் திருவெறும்பூரில் அமர்ந்தது, தஞ்சாவூரிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டர். அதைச் சுற்றித் துவாக்குடி வரை சிறு பட்டறைகள் முளைத்தன. தஞ்சாவூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய் வேலை பார்த்தார்கள்.

இதற்கு நேர் எதிராகக் கும்பகோணத்தைப் பாருங்கள். 1904-ல் உள்ளூர்ப் பணத்தில் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. நாடு முழுக்கக் கிளைகள் வந்தாகிவிட்டது, தலைமையகம் இன்னும் கும்பகோணத்தில்தான். அதை யாரும் சலுகை கொடுத்துக் கூப்பிடவில்லை, அதனால் சலுகை முடிந்ததும் கிளம்பிப் போகவும் இல்லை.

சரி, ஐ.டி.க்கு வருவோர் வரட்டும். 2024 செப்டம்பர் 23-ம் தேதி, நகரை ஒட்டிய மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. செலவு சுமார் 30 கோடி ரூபாய், பரப்பு சுமார் 55,000 சதுர அடி. நல்ல விஷயம், சந்தேகமில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆளுக்கு நூறு சதுர அடி என்று வைத்தால் ஐந்நூறு, ஐந்நூற்றைம்பது பேர் உட்காரலாம். 2000-ல் திறந்த சென்னை டைடல் பார்க் சுமார் 12 லட்சம் சதுர அடி. தஞ்சாவூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஒரே ஒரு வருஷம் வெளியே வரும் பிள்ளைகளுக்கே மேலவஸ்தாசாவடி போதாது. இன்னொரு வேடிக்கை. ஜோஹோவை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். அந்த நிறுவனம் 2011-ல் கிராமப்புறத்தில் முதல் அலுவலகம் திறந்தபோது அது போய் உட்கார்ந்தது தென்காசி பக்கம் மத்தளம்பாறையில்!

அடுத்து ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். "இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, இனி இங்கே எந்தத் தொழிலும் வராது" என்று டீக்கடைகளில் சொல்கிறார்கள். 2020-ல் வந்த சட்டம் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் வந்தன. மயிலாடுதுறை பின்னால் 2023-ல் சேர்க்கப்பட்டது. அது ஏன் வந்தது என்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தது, 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதித்தது எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சட்டம். சட்டத்துக்குப் பிறகும் 2023 ஏப்ரலில் வடசேரி நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கப்பட்டது.

ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது எதை? இரும்பு, செம்பு, அலுமினியம், துத்தநாகம் உருக்கும் ஆலைகள், தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயுக் கிணறுகள் போன்றவற்றைத்தான். அரிசி ஆலையையோ தவிட்டு எண்ணெய் ஆலையையோ அவல் மில்லையோ அது தடுக்கவில்லை. நஞ்சையை அழிக்காமல் தொழில் வைக்க இடமும் இருக்கிறது. வல்லம், செங்கிப்பட்டி பக்கம் மேட்டுப்பூமி, செம்புறை மண். காவிரித் தண்ணீர் ஏறாத அந்த மேட்டில்தான் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வந்தன.

இப்போது இரண்டாவது ரயிலுக்கு வருவோர் வரலாம்.

நூறு கிலோ நெல்லைப் புழுங்கல் அரிசியாக அரைத்தால் அரசுக் கணக்குப்படி கிடைப்பது 68 கிலோ அரிசி. பச்சரிசி என்றால் 67. மீதி உமி, தவிடு. 2,000 டன் நெல் ஏற்றிய ரயிலில் அரிசி 1,360 டன்தான். கிட்டத்தட்ட 640 டன் உமியும் தவிடும்! வேகனில் ஏறி, வாடகை கொடுத்து, வெளி மாவட்டத்துக்குப் போகிறது. உமி அங்கே கொதிகலனில் எரிந்து வேறு ஓர் ஊரின் நெல்லை வேகவைக்கிறது. தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பங்கு எண்ணெய் இருக்கிறது. மளிகைக் கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் தொங்குகிறதே ரைஸ் பிரான் ஆயில், அதுதான். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகிறது. டெல்டா விவசாயி தன் மாட்டுக்கு அதைக் காசு கொடுத்து மூட்டையாக வாங்குகிறார்.

அரிசி எப்படியும் வெளி மாவட்டத்துக்குப் போக வேண்டியதுதானே, ரேஷன் கடை எல்லா ஊரிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயம். ஆனால் அரிசியாகப் போகலாமே! மூன்று ரயில் நெல்லுக்குப் பதில் இரண்டு ரயில் அரிசி.

தனியார் வியாபாரமும் அப்படித்தான். டெல்டா நெல்லைத் தேடி வரும் வியாபாரிகளிடம் லாரி எங்கே போகிறது என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில் காங்கேயம். காங்கேயத்தில் காவிரிப் பாசனம் கிடையாது. வறண்ட பூமி. ஆனால் அந்த வறட்சியையே அவர்கள் முதலாக்கினார்கள். வெயில் தாராளம், மழை குறைவு, அவித்த நெல்லைக் காயவைக்க அகலமான களங்கள். ஒரு ஆலை வந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு ஆலைக்கு உதிரிபாகம் செய்பவர், ரிப்பேர் பார்ப்பவர், சாக்கு விற்பவர், லாரிக்காரர். தேங்காயும் அப்படியே. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய்க்கும் காங்கேயத்தில் எண்ணெய் ஆலைகள் காத்திருக்கின்றன. நெல் விளையாத ஊர் அரிசிக்குப் பெயர் வாங்கியிருக்கிறது. நெற்களஞ்சியம் என்று போர்டு வைத்த ஊர் மூட்டை தூக்குகிறது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

டெல்டாவில் ஏன் முடியவில்லை? ஆலை இல்லாமல் இல்லை, இருக்கிறது. போதவில்லை. அறுவடை குறுவைக்கு ஒருமுறை, சம்பா தாளடிக்கு ஒருமுறை என்று மொத்தமாக வந்து குவியும். மற்ற மாதங்களில் ஆலைக்கு வேலை குறைவு. காங்கேயத்துக்காரர்கள் கர்நாடகா, ஆந்திரா என்று வருஷம் முழுக்க நெல் வாங்கி ஓட்டுகிறார்கள். ஆலை வந்தால் கரித்தூள் பறக்கும், ஊறல் தண்ணீர் நாறும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், அதுவும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலே ஈரம்.

இந்த ஈரம்தான் டெல்டாவின் பெரிய வில்லன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர். சரியாக வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மழை பெய்தால் 20, 22 என்று ஏறிவிடும். ஒவ்வொரு வருஷமும் தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் போகும், குழு வரும், மூட்டையைக் குத்திப் பார்க்கும், போகும். 2025 அக்டோபரில் விளைச்சல் அமோகம். ஆனால் நெல் குவியல் குவியலாகக் கொள்முதல் நிலைய வாசல்களில் நனைந்து முளைவிட்டதை டி.வி.யில் எல்லாரும் பார்த்தார்கள். விளைந்ததே தண்டனை மாதிரி ஆகிவிட்டது.

இதில் மனதைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. ஈர நெல்லை என்ன செய்வது என்று கண்டுபிடிப்பதற்காகவே 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கினார்கள். 1972-ல் அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் ஆனது. பெயர் பலமுறை மாறி, தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் பெரிய வளாகமாகி, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்தும் பெற்றுவிட்டது. இன்று அதன் பெயர் நிஃப்டெம். தொழில் தொடங்க வருகிறவர்கள் இயந்திரங்களைப் பழகிப் பார்க்க இன்குபேஷன் மையமும் அங்கே இருக்கிறது. அதாவது உணவுத் தொழிலுக்கான மூளை ஊரிலேயே இருக்கிறது. அதே ஊரின் புறவழிச்சாலையில் ஒரு பக்கத்தை மறித்து விவசாயிகள் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் லாரி ஹாரன்.

மாநகராட்சி இதில் என்ன செய்ய முடியும், நெல் அவர்கள் இலாகா இல்லையே என்றால், பாதி சரி. உலர்த்தும் இயந்திரமும் ஆலைக் கடனும் மாநில, மத்திய அரசுகளின் கையில். திருச்சியிலிருந்து நாகை வரை வேளாண் தொழில் பெருந்தடம் என்று ஏற்கனவே அறிவிப்பும் வந்தாயிற்று. ஆனால் 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கான வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், மூன்றாவது வரியிலேயே பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடல் என்று இருக்கிறது. குப்பையும் சாக்கடையும் மட்டும் இல்லை. சின்னதாக ஒரு முறுக்கு மாவு யூனிட் போட நினைக்கும் பெண்ணுக்குத் தொழில் உரிமம் எத்தனை நாளில் கிடைக்கிறது, கழிவுநீர் எங்கே போகும், மாலை நேரத்தில் மின்சாரம் நிற்குமா, வண்டி வந்து திரும்ப ரோடு அகலம் போதுமா என்பதெல்லாம் உள்ளூர் விஷயங்கள். பெரிய கம்பெனிக்கு இதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. சின்னத் தொழிலுக்கு அவளேதான் அலைய வேண்டும். நாலு முறை அலைந்த பிறகு முறுக்கு மாவு வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

கைத்தொழில்களையும் விட்டுவிட முடியாது. தலையாட்டி பொம்மை, ஓவியம், கலைத்தட்டு, நெட்டி வேலை, வீணை எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வீணைக்கு 2013-ல். பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, வாசலில் ஒரு பொம்மையை பேரம் பேசி வாங்கிவிட்டு, வண்டியேறிக் கும்பகோணம் போய்விடுகிறார்கள். பலா மரத்தைக் குடைந்து வீணை உருவாவதை உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் கோயில் பக்கத்திலேயே இருந்தால் இன்னும் ஒரு நாள் தங்குவார்கள். அது தனிக்கட்டுரை.

அந்தப் பையனிடம் திரும்பினால், அவன் படித்தது மெக்கானிக்கல். நாலு வருஷம் கல்லூரிக்குப் போய்வந்தவனுக்கு நெல் உலர்த்தும் இயந்திரத்தை வடிவமைக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தன் ஊரிலேயே இருப்பது தெரியாது. யாரும் கூட்டிப்போய்க் காட்டவில்லை. இப்போது அவன் ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியின் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருக்கிறான். சம்பளம் பரவாயில்லை. ஹாஸ்டலில் சாப்பாடு பொன்னி அரிசி. பையில் காங்கேயம் முகவரி.

போன அக்டோபரில் ஒருநாள் இரவு அப்பா போன் செய்தார்.

"சாப்டியாப்பா?"

"ஆச்சுப்பா. நெல்லு எடுத்துட்டாங்களா?"

"எங்கே... பத்தொம்போது காட்டுது மிஷின்ல. காயவெச்சு எடுத்துட்டு வாங்கறாங்க. வானம் மூடிக்கிட்டு இருக்கு."

"தார்ப்பாய் இருக்கா?"

"வாடகைக்கு எடுத்திருக்கேன். ரெண்டு நாளா ராத்திரி இங்கேதான் படுக்கை. நாளைக்கு வெயில் அடிச்சா ரோட்டுல கொட்டிப் பாக்கணும்."